விளையாட்டு யாருக்குச் சொந்தம்? – ஒரு வரலாற்றுப் பார்வை

 

பரிசளிப்பு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். கெடாவில் இருந்துகொண்டு வரலாறு எழுதுவதென்றால், 1025ஆம் ஆண்டில் இராசேந்திர சோழன் கடாரம் கொண்ட கதையைத்தான் எழுதப் போகிறேன் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். அதைப் பலரும் எழுதிவிட்டார்கள், இனியும் எழுதுவார்கள். நான் இம்முறை எடுத்துக்கொண்டது உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் கையில் இருக்கும் ஒரு பொருளின் வரலாறு. அதுதான் விளையாட்டு. "இதுக்குக்கூட வரலாறா?" என்று சிரிக்க வேண்டாம். கொஞ்சம் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். நம் தோட்டத்து வாழ்க்கையோடு அதற்கு இருக்கும் தொடர்பு கடைசியில் விளங்கும்.

ஒரு மாலைப்பொழுது

பள்ளி விடுமுறை. மாலையில் நல்ல மழை; இடியும் மின்னலும் சேர்ந்துகொண்டன. மின்சாரம் போகவில்லை, ஆனால் இணைய இணைப்பு போய்விட்டது. என் தங்கை மகன் இரண்டாம் படிவம் படிக்கிறான். தேர்வில் நல்ல புள்ளி எடுத்ததற்காக நான் வாங்கிக் கொடுத்த விளையாட்டுப் பெட்டியின் முன்னால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என் தாயார் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். கயிற்றுக் கட்டிலில் இருந்தபடியே விசாரணையை ஆரம்பித்தார்.

"ஏன்டா அய்யா, சும்மா உக்காந்திருக்கே?"

"கேம் திறக்க மாட்டேங்குது பாட்டி. லைன் இல்லே."

"யார்கூடடா விளையாடுறே?"

"யார்கூடவும் இல்லே. நான் மட்டுந்தான். காடி ஓட்டுற விளையாட்டு."

"காசு கொடுத்துத்தானே வாங்குனது?"

"ஆமா பாட்டி, மாமாதான் வாங்கிக் கொடுத்தாரு. இருநூறு வெள்ளிக்கு மேலே."

தாயார் சற்று நேரம் யோசித்தார். பிறகு கேட்டார்: "காசு கொடுத்து வாங்கின சாமான். ஒண்டியா விளையாடுற விளையாட்டு. அப்புறம் அது எவன்கிட்டடா போயி உத்தரவு கேக்குது?"

பையனுக்குப் பதில் தெரியவில்லை. படித்தவன் என்று பெயர் வாங்கிய எனக்கும் உடனே சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனதன் விளைவே இக்கட்டுரை.

உத்தரவு கேட்காத காலம்

பெரியோர்களே, உங்கள் சிறு வயதை எண்ணிப் பாருங்கள். லயத்து வாசலில் பாண்டி ஆட ஒரு கரித்துண்டு போதும். கிட்டிப்புள்ளுக்கு இரண்டு குச்சிகள். கபடிக்குத் தரையில் ஒரு கோடு. பல்லாங்குழிக்குத் தமிழ்நாட்டிலே சோழியும் புளியங்கொட்டையும் தேடுவார்கள். நமக்கோ ரப்பர் கொட்டை காட்டிலே கொட்டிக் கிடந்தது. பலகை இல்லாவிட்டால் என்ன? மண்ணிலே வரிசைக்கு ஏழாகப் பதினான்கு குழிகள் தோண்டிக்கொண்டால் பல்லாங்குழி தயார். பக்கத்துக் கம்பத்து மலாய்ப் பிள்ளைகள் இதற்கு உறவான ஆட்டத்தைச் 'சொங்காக்' என்ற பெயரில் ஆடினார்கள். பெயர்தான் வேறு, குழியும் கொட்டையும் ஒன்றே.

இந்த விளையாட்டுகளுக்கு ஒரு பொதுக்குணம் உண்டு. விதி பிள்ளைகளின் தலைக்குள் இருந்தது; பொருள் பிள்ளைகளின் கைக்குள் இருந்தது. பாட்டி பேத்திக்குச் சொல்லிக் கொடுத்தாள். எந்த நாட்டு நிறுவனமும் ஒரு நள்ளிரவில் பல்லாங்குழியை நிறுத்திவிட முடியாது. கங்காணிக்கே அஞ்சாத விளையாட்டு அது!

கட்டைக்குள் அடங்கிய உலகம்

இனி மின்னணு விளையாட்டுக்கு வருவோம். 1972ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அட்டாரி நிறுவனம் 'போங்' என்னும் பந்தடி விளையாட்டை வெளியிட்டது. 1978ஆம் ஆண்டில் சப்பானில் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' வந்தது. இவை காசு போட்டு விளையாடும் பெரிய பெட்டிகள். 1980ஆம் ஆண்டில் சப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் கையடக்கமான 'கேம் அண்ட் வாட்ச்' கருவியையும், 1983ஆம் ஆண்டில் தொலைக்காட்சியோடு இணைக்கும் 'ஃபேமிகாம்' பெட்டியையும், 1989ஆம் ஆண்டில் 'கேம் பாய்' கருவியையும் கொண்டு வந்தது.

நம் நாட்டில் 1990ஆம் ஆண்டுகளில் பலர் கண்டது தைவான் தயாரிப்பான 'மைக்ரோ ஜீனியஸ்'. சப்பானியப் பெட்டியைப் பார்த்துச் செய்த நகல் அது. தோட்டத்தில் ஒரு வீட்டில் அந்தப் பெட்டி வந்துவிட்டால் போதும், அந்த வீட்டு வாசலில் இருபது சோடிச் சிலிப்பர் கிடக்கும். "அண்ணே, ஒரு ஆட்டம்ணே" என்று சின்னப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள்.

அந்தப் பெட்டியில் செருகும் கட்டை எப்படி வேலை செய்தது தெரியுமா? விளையாட்டு முழுவதும் அதற்குள் இருக்கும் ஒரு சில்லில் பதிந்திருந்தது. கட்டை கையில் இருந்தால் விளையாட்டும் கையில் இருந்தது. அண்ணன் ஆடி முடித்ததைத் தம்பிக்குக் கொடுக்கலாம். நண்பனுக்கு இரவல் தரலாம். பட்டணத்துக் கடையில் பாதி விலைக்கு விற்கவும் செய்யலாம். அதைச் செய்த நிறுவனம் மூடிப் போனாலும் கட்டை வேலை செய்யும். இன்றும் பழைய கட்டையை எடுத்துத் தூசி தட்டிச் செருகினால் பெரும்பாலும் ஓடுகிறது. நாற்பது ஆண்டுக்கு முந்திய பொருளாயிற்றே என்று அது யாரிடமும் உத்தரவு கேட்பதில்லை.

கம்பி வந்தது, பூட்டும் வந்தது

1990ஆம் ஆண்டுகளில் நம் நாட்டிற்கு இணையம் வந்தது. முதலில் ஜாரிங், பிறகு 1996ஆம் ஆண்டில் டிஎம்நெட். சிறிது காலத்தில் சுங்கைப்பட்டாணி போன்ற பட்டணங்களில் 'சைபர் கஃபே' கடைகள் முளைத்தன. மணிக்கு இத்தனை வெள்ளி என்று கொடுத்து, பையன்கள் குழுவாக உட்கார்ந்து 'கவுண்டர் ஸ்ட்ரைக்' ஆடினார்கள். படிப்பு கெட்டது என்று பெற்றோர் அடித்துக்கொண்டது வேறு கதை. நிற்க.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். அக்கடைகளில் கணினிகளை ஒன்றோடொன்று கம்பியால் இணைத்திருந்தார்கள். ஒரே அறைக்குள் பத்துப் பேர் மோதுவதற்கு வெளி இணையம் தேவையில்லை. 1998ஆம் ஆண்டில் வந்த 'ஸ்டார்கிராஃப்ட்' விளையாட்டை இப்படித்தான் உலகமெங்கும் ஆடினார்கள். ஆனால், அதன் இரண்டாம் பாகம் 2010ஆம் ஆண்டில் வந்தபோது அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நண்பனோடு ஆடுவதென்றாலும் நிறுவனத்தின் கணினி வழியாகத்தான் போய் வரவேண்டும் என்றாயிற்று.

இதற்கிடையே 2003ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 'ஸ்டீம்' என்னும் இணையக் கடையைத் திறந்தது. 2004ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின் 'ஹாஃப் லைஃப் 2' விளையாட்டைக் கடையில் வட்டாகவே வாங்கினாலும், முதன்முறை இணையத்தில் பதிந்து அனுமதி பெற்றால்தான் திறக்கும் என்ற நிலை வந்தது. பூட்டின் முதல் சுற்று இது.

நிறுவனங்களின் பக்கத்து நியாயத்தையும் சொல்லத்தானே வேண்டும்? திருட்டு வட்டுகள் அந்தக் காலத்தில் மலிந்து கிடந்தன. நம் நாட்டு இரவுச் சந்தைகளில் அவற்றைக் காணாதவர் யார்? அதைக் கட்டுப்படுத்த நம் அரசாங்கமே 2000ஆம் ஆண்டில் ஒளிவட்டுச் சட்டம் கொண்டு வந்தது. பல ஆண்டு பாடுபட்டுச் செய்த பொருளைப் பத்து வெள்ளிக்கு எவனோ விற்றால் செய்தவன் வயிறு எரியாதா? எரியும். மேலும், பலர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தில் ஏமாற்று வேலையைத் தடுக்கவும் நடுவர் போல ஒரு கணினி தேவைதான். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால், நடந்தது என்ன? திருடனுக்காகப் போட்ட பூட்டு, காசு கொடுத்து வாங்கியவனையும் சேர்த்து வாசலில் நிறுத்திவிட்டது.

பெரட்டுக்கு நிற்கும் விளையாட்டு

தோட்டத்துப் பெரியோர்களுக்குப் பெரட்டு என்றால் தெரியும். விடியுமுன் பெரட்டுக் களத்தில் போய் நிற்க வேண்டும். கிராணி பெயர் கூப்பிடுவார். "இருக்கேங்க" என்று சொன்னால்தான் அன்றைக்கு வேலை. பெயர் பதியாவிட்டால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். எப்போதும் இணையத்தில் இருக்க வேண்டிய விளையாட்டும் இப்படித்தான். திறக்கும்போது அது எங்கோ ஒரு நாட்டில் இருக்கும் நிறுவனத்தின் கணினிக்குப் போய்ப் பெயர் சொல்ல வேண்டும். 'செர்வர்' என்கிறார்களே, அதுதான் இங்கே கிராணி. "சரி, போ" என்று பதில் வந்தால்தான் ஆட்டம். ஒரு வேறுபாடு: தோட்டத்தில் பெரட்டு நாளுக்கு ஒருமுறை, இங்கே சில விளையாட்டுகளில் நிமிடத்திற்கு நிமிடம் பெரட்டு! இடையில் கம்பி அறுந்தாலோ, கிராணி படுத்துவிட்டாலோ ஆட்டம் நின்றுவிடும்.

கிராணி படுத்த கதைகள் பல உண்டு. 2010ஆம் ஆண்டில் பிரான்சின் யூபிசாஃப்ட் நிறுவனம், ஒருவர் மட்டும் ஆடும் கணினி விளையாட்டுகளுக்கும் இடைவிடாத இணைய இணைப்பைக் கட்டாயமாக்கியது. மார்ச்சு மாதத்தில் அதன் கணினிகள் தாக்குதலுக்கு உள்ளாகவே, காசு கொடுத்து வாங்கியவர்கள் பலர் ஆட முடியாமல் நின்றார்கள். திருட்டு வட்டு வாங்கியவன் ஆடுகிறான், நியாயமாக வாங்கியவன் ஆட முடியவில்லை என்ற நகைப்புக்கு இடமாயிற்று.

2012ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் 'டயாப்ளோ 3' வெளிவந்தது. பல ஆண்டுகள் காத்திருந்தவர்கள் ஒரே நேரத்தில் நுழைய முயன்றதால் கணினிகள் திணறின. திரையில் 'பிழை 37' என்ற எழுத்துதான் தெரிந்தது. தென் கொரியாவில் அரசாங்கத்தின் வாணிப நேர்மை ஆணையமே விசாரணையில் இறங்கியது. வேடிக்கை என்னவென்றால், அடுத்த ஆண்டில் இதே விளையாட்டு தொலைக்காட்சிப் பெட்டி விளையாட்டாக வந்தபோது இணையம் இல்லாமலேயே ஆட முடிந்தது. அப்படியானால் இணையம் அதன் உயிர்நாடி அல்ல என்பது தெளிவாகிறது அல்லவா?

2013ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 'சிம்சிட்டி' வந்தது. ஊர் கட்டி ஆளும் விளையாட்டு. முதல் வாரமே கணினிகள் நெருக்கடியில் சிக்கின. அமேசான் கடை சில காலம் அதை இணையவழி விற்பதையே நிறுத்தி வைத்தது. நகரத்தின் கணக்குகளில் பெரும்பகுதி எங்கள் கணினியில்தான் நடக்கிறது, ஆகவே இணையம் இன்றி முடியாது என்பது நிறுவனத்தின் வாதம். சில நாள்களிலேயே ஆர்வலர் ஒருவர் இணைப்பு இல்லாமலும் நகரம் ஓடுவதைச் செய்து காட்டினார். கடைசியில் 2014ஆம் ஆண்டு மார்ச்சில் நிறுவனமே இணையமின்றி ஆடும் வசதியைக் கொடுத்தது. முடியாது என்றது ஓர் ஆண்டில் முடிந்துவிட்டது!

அதே 2013ஆம் ஆண்டு சூன் மாதத்தில், மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் புதிய 'எக்ஸ்பாக்ஸ் ஒன்' பெட்டி 24 மணி நேரத்திற்கு ஒருமுறையாவது இணையத்தில் பதிந்தாக வேண்டும் என்று அறிவித்தது. இரவல் கொடுப்பதற்கும் கட்டுப்பாடு வந்தது. மக்கள் சும்மா இருக்கவில்லை. எதிர்ப்புக் குரல் பெருகியது. சூன் 19ஆம் நாள் நிறுவனம் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. வாங்குபவர் வாய் திறந்தால் விற்பவர் காது திறக்கும் என்பதற்கு இது ஒரு சான்று.

நம் பக்கத்து அனுபவங்கள்

இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்க் கதை என்று ஒதுக்க வேண்டாம். நம் நாட்டிலேயே 2017ஆம் ஆண்டு செப்டம்பரில் ஒரு நிகழ்ச்சி. பல சமயங்களின் தெய்வங்களை ஒருவரோடு ஒருவர் சண்டையிட வைக்கும் விளையாட்டு ஒன்று ஸ்டீம் கடையில் விற்பனைக்கு வந்தது. மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் அதை 24 மணி நேரத்திற்குள் அகற்றும்படி கேட்டது. நேரம் கடந்தது, கடை முழுவதற்கும் நம் நாட்டில் தடை விழுந்தது. பிறகு அந்த ஒரு விளையாட்டை மலேசியாவில் விற்காமல் நிறுத்தியதும் கடை மீண்டும் திறந்தது. ஏறக்குறைய ஒரு நாள் கதைதான். தெய்வங்களை அப்படிக் காட்டியது சரியா, தடை சரியா என்பது இக்கட்டுரையின் பொருளன்று. நான் சொல்ல வருவது இதுதான்: ஒரே ஒரு சரக்கு தகராறானதால், வேறு ஆயிரம் சரக்கு வாங்கியவர்களும் கடை வாசலில் நிற்க நேர்ந்தது. பழைய கட்டையாக இருந்திருந்தால், அவரவர் வீட்டில் அவரவர் பொருள் இருந்திருக்கும்.

இந்தியாவில் 2020ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் 118 கைப்பேசிச் செயலிகளுக்கு அரசாங்கம் தடை போட்டது. அவற்றுள் ஒன்று 'பப்ஜி'. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் சோற்றையும் மறந்து ஆடிய விளையாட்டு. அக்டோபர் 30ஆம் நாளோடு அதன் சேவை அங்கே நின்றது. அப்பா அம்மாவின் காசில் அவர்கள் வாங்கி வைத்திருந்த உடுப்பும் ஆயுதமும் ஒரே நாளில் கைக்கு எட்டாமல் போயின. "நல்லதாப் போச்சு" என்று நிம்மதி அடைந்த பெற்றோரும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால், கொடுத்த காசு எங்கே போயிற்று என்று கேட்டவர் எத்தனை பேர்?

பத்து ஆண்டில் இறந்த காடி

என் மருமகனுடையது காடி ஓட்டும் விளையாட்டு என்றேன் அல்லவா? அதே வகையைச் சேர்ந்தது 'தி க்ரூ'. 2014ஆம் ஆண்டு டிசம்பரில் யூபிசாஃப்ட் வெளியிட்டது. அமெரிக்கா முழுவதையும் சுருக்கி வரைந்து, கரையிலிருந்து கரைக்குக் காடி ஓட்ட விட்டார்கள். தனி ஆளாக ஆடுவதற்கே நீண்ட கதை இருந்தது. ஆனாலும் எப்போதும் இணையம் வேண்டும். 2024ஆம் ஆண்டு மார்ச்சு 31ஆம் நாள் நிறுவனம் அதன் கணினிகளை நிறுத்தியது. அன்றோடு விளையாட்டு செத்தது. அலமாரியில் வட்டு இருக்கிறது, செருகினால் ஓடாது. சாவி கையில் இருக்கிறது, வீட்டைக் காணோம்!

இதைக் கண்டு மனம் பொறுக்காமல் ராஸ் ஸ்காட் என்பவர் 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். விளையாட்டுகளைக் கொல்லாதீர்கள் என்பதே அதன் முழக்கம். அவர்கள் கேட்பது பெரிதன்று. "காலமெல்லாம் செர்வரை நடத்து என்று சொல்லவில்லை. நிறுத்தும்போது, வாங்கியவன் தன் வீட்டில் ஆடிக்கொள்ள ஒரு வழி செய்துவிட்டுப் போ" என்பதுதான் அதன் சாரம். ஐரோப்பிய ஒன்றியத்தில் குடிமக்கள் முறையீடாக இதைக் கொண்டு வந்தார்கள். 2025ஆம் ஆண்டு சூலையில் கையொப்பம் பத்து இலட்சத்தைத் தாண்டியது. கலிபோர்னியா மாநிலத்தில் 2024ஆம் ஆண்டில் ஒரு சட்டம் நிறைவேறி, 2025ஆம் ஆண்டு சனவரியில் நடைமுறைக்கு வந்தது. எந்த நேரமும் பறித்துக்கொள்ளக்கூடிய உரிமத்தை மட்டும் விற்றுக்கொண்டு, 'வாங்குங்கள்' என்ற சொல்லால் மக்களை மயக்கக் கூடாது. அது வெறும் உரிமந்தான் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது அச்சட்டம். 'தி க்ரூ'வின் அடுத்த பாகத்திற்கு இணையமின்றி ஆடும் வசதி செய்து தருவதாக அதே நிறுவனம் 2024ஆம் ஆண்டில் அறிவித்து, மறு ஆண்டில் செய்தும் கொடுத்தது. கூக்குரல் வீண் போகவில்லை.

நூல்நிலையத்துக் கவலையும் இதில் உண்டு. அமெரிக்காவில் காணொளி விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியிட்டது. அந்நாட்டில் வெளிவந்த பழைய விளையாட்டுகளில் நூற்றுக்கு 87 இன்று கடையில் கிடைப்பதில்லை என்றது அது. கட்டையில் வந்தவற்றையாவது யாராவது வீட்டுப் பரணில் தேடி எடுக்கலாம். செர்வரோடு போனதை எந்தப் பரணில் தேடுவது?

லயத்து வீடும் புக்கிட் சிடிமும்

இப்பொழுது நம் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் உங்களை அழைத்து வந்தேன்.

நம் முன்னோர் தோட்டத்து லயத்தில் வாழ்ந்தார்கள். அங்கேயே பிறந்தார்கள், அங்கேயே மணமுடித்தார்கள், வாசலிலே முருங்கையும் வாழையும் வைத்தார்கள். கோயில் கட்டினார்கள், தங்கள் காசைப் போட்டுப் பள்ளிக்கூடத்துக்கும் கைகொடுத்தார்கள். எல்லாம் சொந்தம்போலத்தான் இருந்தது. ஆனால், வேலை இருக்கும்வரைதான் வீடு. தோட்டம் கைமாறினாலோ, துண்டாடப்பட்டாலோ, "வீட்டைக் காலி பண்ணு" என்ற கடிதம் வரும். 1950ஆம் ஆண்டுகளில் பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது எத்தனை குடும்பங்கள் சட்டிபானையோடு சாலையோரம் நின்றன என்பதை மூத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது: நாம் வாழ்ந்தது சொந்த வீட்டில் அன்று, உத்தரவில் வாழ்ந்தோம் என்று.

அதற்கு விடையாகப் பிறந்ததே தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். துன் வீ.தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் அதைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டினார். அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம் எது தெரியுமா? 1961ஆம் ஆண்டில் வாங்கிய புக்கிட் சிடிம் தோட்டம். நம் கெடா மண்ணில் இருப்பது! பால்மரம் வெட்டியவனின் பத்து வெள்ளி, பால்மரம் நின்ற நிலத்தையே வாங்கியது. இருப்பதற்கு உத்தரவு கேட்பது வேறு, உரிமையோடு இருப்பது வேறு என்பதை நம் சமுதாயம் பட்டறிந்து கற்ற பாடம் அது.

விளையாட்டையும் வீட்டையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. வீடு இழந்தவன் கண்ணீர் வேறு. ஆட்டம் இழந்த பையன் சிணுங்கல் வேறு. ஆனால், இரண்டிலும் கேள்வி ஒன்றுதான்: காசும் உழைப்பும் நம்முடையது, பிடி யாருடைய கையில்? "இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம்" என்று நம் கிழவிகள் சும்மாவா சொல்லி வைத்தார்கள்?

இன்று ஆட்டம், நாளை பாடம்

இன்னொன்றும் உண்டு. 2020ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது, பள்ளிகள் மூடின, பாடம் இணையத்துக்குப் போயிற்று. வீட்டில் ஒரே கைப்பேசி, பிள்ளைகளோ மூன்று பேர். அப்பா வேலைக்குக் கைப்பேசியை எடுத்துக்கொண்டு போய்விட்டால் பாடமும் கூடவே போய்விடும். சபாவில் ஒரு மாணவி, இணைப்புக் கிடைக்க மரத்தின்மேல் ஏறி இரவெல்லாம் தங்கித் தேர்வு எழுதிய செய்தியை நாடே பார்த்தது. செம்பனைக் காட்டுக்கு நடுவே கைப்பேசியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து அலைவரிசை தேடிய பிள்ளைகள் நம் தோட்டங்களிலும் இருந்தார்கள்.

அந்த நாள்களில் எங்களுக்குக் கைகொடுத்தவை எவை தெரியுமா? அச்சடித்த பயிற்சித்தாள்கள். தோட்டத்துக் கடையில் வைத்துவிட்டு வந்தால், பெற்றோர் வந்து எடுத்துப் போவார்கள். ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் இணைப்பு இல்லாமலும் பார்க்கக்கூடிய பாடக் காணொளிகளும் உதவின. கம்பி போனாலும் பாடம் நிற்கவில்லை. இணையம் நல்ல துணை, அதில் ஐயமில்லை. ஆனால், துணையே முதலாளியாகிவிடக் கூடாது. இன்று விளையாட்டு பெரட்டுக்கு நிற்கிறது. நாளை அகராதியும் பாடநூலும் அப்படி நின்றால், மழை பெய்யும் நாளெல்லாம் நம் பிள்ளைக்குப் படிப்பு இல்லை என்றாகிவிடும்.

செய்ய வேண்டியவை

பெற்றோர்களே, விளையாட்டோ கல்விச் செயலியோ வாங்குமுன் பெட்டியின் பின்புறத்துச் சிறிய எழுத்தைப் படியுங்கள். 'இணைய இணைப்பு கட்டாயம்' என்று இருக்கிறதா? கடைக்காரரிடம் கேளுங்கள்: "தம்பி, லைன் இல்லாட்டி இது ஓடுமா?" வெட்கப்பட ஒன்றுமில்லை. நம் காசு. கைப்பேசியில் உள்ளதைச் சோதிக்க இணைப்பை அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். அரை நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். பூட்டில்லாமல் விளையாட்டு விற்கும் கடைகளும் உலகில் உண்டு. போலந்து நாட்டார் 2008ஆம் ஆண்டில் தொடங்கிய 'காக்' என்னும் கடை அப்படிப்பட்டது. வாங்கி இறக்கிக்கொண்டால் அது நம் கணினியில் நம்முடையதாக ஓடும். ஆகவே, பூட்டில்லாமல் வாணிபம் நடக்காது என்பது முழு உண்மை அன்று. அதற்காகத் திருட்டுச் சரக்குக்குப் போகாதீர்கள். உழைத்தவன் கூலியை மறுப்பது நமக்கு அழகல்ல. கூலிக்காகப் போராடிய பரம்பரை நாம்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். இந்த விடுமுறையில் உங்கள் பாட்டியிடம் உட்கார்ந்து, அவர் சிறு வயதில் ஆடிய ஆட்டம் ஒன்றின் விதிகளை ஒரு தாளில் எழுதுங்கள். குழி எத்தனை, கொட்டை எத்தனை, யார் முதலில், எப்படி வெற்றி என்று எல்லாம் எழுதுங்கள். பிறகு தம்பி தங்கையோடு ஒருமுறை ஆடிப் பாருங்கள். அந்தத் தாள் இருக்கும்வரை அந்த விளையாட்டை எவரும் நிறுத்த முடியாது.

அன்று மாலை என்ன நடந்தது என்று சொல்லி முடிக்கிறேன். இணைப்பு வருவதாக இல்லை. என் தாயார் கட்டிலை விட்டு எழுந்தார். அடுப்படி டப்பாவிலிருந்து ஒரு கை பச்சைப்பயறு எடுத்து வந்தார். ஈரம் பட்ட வாசல் மண்ணில் விரலாலேயே பதினான்கு குழிகள் அழுத்தினார். "வாடா இங்கே, உக்காரு" என்றார். முதல் ஆட்டத்தில் பையன் தோற்றான். இரண்டாவதிலும் தோற்றான். மூன்றாவது ஆட்டத்தில் கண்ணில் ஒளி வந்துவிட்டது. இரவு ஒன்பது மணிக்கு இணைப்பு திரும்பியது. பெட்டியிலிருந்து ஒலி வந்தது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இரு பாட்டி, இந்த ஆட்டம் முடியட்டும்" என்றான்.

பெரியோர்களே, விளையாட்டு பிள்ளைக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். பிள்ளை விளையாட்டுக்குச் சொந்தமாகிவிடக் கூடாது.

வாழ்க நம் பள்ளி! வளர்க நம் பிள்ளைகள்!